திருமணத்திற்குப் பிறகும் ஒப்பந்தம் எழுதலாம்: தம்பதியருக்கு என்ன நன்மை, எதுவரை செல்லும்?

வீடு வாங்க முன்பணம் போதவில்லை. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வங்கிக் கடன் கணவரின் சம்பளத்தை வைத்துக் கிடைப்பதால் வீடும் அவர் பெயரிலேயே பதிவாகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் மனைவியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழும்போது, அடகு ரசீது எங்கே போனதென்று இருவருக்குமே தெரிவதில்லை.

தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கதை புதிதல்ல. யார் எவ்வளவு போட்டார்கள், எந்தக் கடன் யாருடையது என்பதெல்லாம் மனத்திலும் வாய்ச்சொல்லிலும் மட்டுமே இருக்கும். அவற்றை, உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அதுதான் திருமணத்திற்குப் பிந்தைய ஒப்பந்தம்.

பெயரைக் கேட்டதும் 'பிரியப் போகிறவர்கள் எழுதுவது' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் சேர்ந்து வாழ நினைக்கும் தம்பதியருக்கே இதனால் கூடுதல் பயன் உண்டு. அதே வேளையில், கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. மலேசிய நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டதல்ல. அதில் நியாயம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

எது இந்த ஒப்பந்தம்?

சட்டப்படி திருமணமான கணவனும் மனைவியும், மணவாழ்க்கை தொடரும் காலத்தில், தங்கள் சொத்து, வருமானம், சேமிப்பு, கடன், வீட்டுச் செலவு ஆகியவற்றைப் பற்றி எழுத்துபூர்வமாகச் செய்துகொள்ளும் உடன்பாடே இது. திருமணத்திற்கு முன்பு எழுதினால் அது முந்தைய ஒப்பந்தம். பின்பு எழுதினால் பிந்தைய ஒப்பந்தம்.

இரண்டுக்கும் காலத்தைத் தவிர இன்னொரு வேறுபாடும் உண்டு. மணம் முடிக்கும் முன்பு இருவருக்கும் பெரிதாகச் சொத்து இருக்காது. எதிர்காலத்தை ஊகித்துத்தான் எழுத வேண்டும். பத்திரிகை அடித்து, மண்டபம் எடுத்த பிறகு 'கையெழுத்துப் போடாவிட்டால் கல்யாணம் இல்லை' என்ற நெருக்கடியும் வரலாம். திருமணத்திற்குப் பின்பு எழுதும்போது வீடு, கார், பிள்ளைகள், கடன் எல்லாம் கண்முன் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

வாய்ச்சொல் ஏன் போதாது?

கணவன் மனைவிக்கிடையே சொல்லிக்கொள்ளும் வாக்குறுதிகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஒப்பந்தமாகக் கருதுவதில்லை. இதற்கு அடிப்படையாக இன்றும் சட்ட வகுப்புகளில் சொல்லப்படும் வழக்கு, 1919ஆம் ஆண்டு இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. அன்றைய இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர், உடல்நலம் கருதி இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பின்னர் உறவு முறிந்தது. மனைவி அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். நன்றாக வாழும் தம்பதியர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வழக்கு மன்றம் வரை கொண்டுவரும் எண்ணத்தோடு பேசுவதில்லை என்று கூறி நீதிமன்றம் அவரது கோரிக்கையை மறுத்தது.

1970இல் அதே நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு. கணவர் பிரிந்து போன பிறகு, மீதமுள்ள வீட்டுக் கடனை மனைவி கட்டி முடித்தால் வீட்டை அவர் பெயருக்கே மாற்றித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மனைவி கடனைக் கட்டி முடித்தார். கணவர் மறுத்தார். இந்த முறை நீதிமன்றம் மனைவியின் பக்கம் நின்றது. ஏற்கெனவே பிரிந்துவிட்ட தம்பதியர் இப்படி எழுதிக்கொண்டது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான் என்று அது முடிவு செய்தது.

இரு வழக்கிலும் வாக்குக் கொடுத்தவர் கணவர்தான், கேட்டவர் மனைவிதான். ஒன்றில் இருந்தது வாய்ச்சொல், மற்றொன்றில் இருந்தது தெளிவாக எழுதிய தாள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதுபவர்கள், 'சட்டப்படி கட்டுப்படும் நோக்கத்துடன் இதைச் செய்கிறோம்' என்று ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அது வெறும் குடும்பப் பேச்சு என்று பின்னால் ஒருவர் வாதிட இடம் கிடைத்துவிடும்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணம், விவாகரத்து, சொத்துப் பங்கீடு ஆகியவற்றை 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், விவாகரத்து) சட்டம் முடிவு செய்கிறது. இது 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. திருமணத்திற்குப் பிந்தைய ஒப்பந்தத்திற்கென்று இதில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் விவாகரத்து வழக்கையொட்டித் தம்பதியர் செய்துகொண்ட அல்லது செய்ய நினைக்கும் உடன்பாட்டை நீதிமன்றத்தின் முன் வைத்து, அது நியாயமானதா என்று கருத்துக் கேட்க 56ஆம் பிரிவு வழி செய்கிறது.

இதைவிட முக்கியமானது 76ஆம் பிரிவு. விவாகரத்தின்போது, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதை அது சொல்கிறது. முன்பு, ஒருவருடைய உழைப்பில் மட்டும் வந்த சொத்து என்றால் அவருக்கே பெரிய பங்கு என்ற விதி இருந்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இப்போது நீதிமன்றம் கவனிக்க வேண்டியவை இவை:

பணமாகவோ சொத்தாகவோ உழைப்பாகவோ ஒவ்வொருவரும் அளித்த பங்களிப்பு. வீட்டைப் பார்த்துக்கொண்டும் குடும்பத்தைப் பராமரித்தும் ஒருவர் அளித்த பங்களிப்பு. இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன்கள். வயது வராத பிள்ளைகளின் தேவை. திருமணம் நீடித்த காலம்.

இவற்றை எல்லாம் பார்த்த பிறகு, சமமாகப் பிரிக்கும் பக்கம் நீதிமன்றம் சாய வேண்டும் என்கிறது சட்டம். ஆக, வேலைக்குப் போகாத மனைவிக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 'பங்களிப்பு எவ்வளவு' என்பதைக் காட்டச் சான்று வேண்டும். ஒப்பந்தம் கைகொடுப்பது அந்த இடத்தில்தான்.

முதல் நன்மை: கண்ணுக்குத் தெரியாத பங்களிப்பு பதிவாகிறது

பிள்ளை பிறந்ததும் மனைவி தொழிற்சாலை வேலையை விடுகிறார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும் பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்கிறார். இதனால் கணவர் கூடுதல் நேரம் வேலை செய்து வீட்டுக் கடனைக் கட்ட முடிகிறது. கணக்குப் புத்தகத்தில் கணவர் கட்டிய தவணை மட்டும் தெரியும். மனைவி விட்ட சம்பளமும், நின்றுபோன ஊழியர் சேமநிதிச் சந்தாவும் எந்த ரசீதிலும் வராது.

'இருவரும் பேசி எடுத்த முடிவின்படியே மனைவி வேலையை விட்டார். இந்த வீட்டை இருவரின் கூட்டு உழைப்பில் வாங்கியதாகக் கருதுகிறோம்' என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருந்தால், பின்னால் அதை மறுப்பது எளிதல்ல. அடகு வைத்த நகையின் எடை, அன்றைய மதிப்பு, எந்தச் செலவுக்குப் போனது ஆகியவற்றையும் எழுதலாம். கணவர் வேலை இழந்து, மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடிய ஆண்டுகளுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாம் நன்மை: யாருடைய கடன் என்பது தெளிவாகிறது

மண்ணும் வீடும் சேர்வதற்கு முன்பே பல குடும்பங்களில் கடன் சேர்ந்துவிடுகிறது. தம்பியின் லாரிக்குப் பிணை நின்றது, கடன் அட்டை, உணவுக்கடைக்கு வாங்கிய கடன், சில வேளைகளில் ஆலோங்கிடம் வாங்கியது என்று பட்டியல் நீளும். கணவன் மனைவி என்ற ஒரே காரணத்தால் ஒருவரின் தனிக்கடன் மற்றவர் தலையில் விழுவதில்லை. 1957ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும், ஒப்பந்தம் செய்யவும், தன் கடனுக்குத் தானே பொறுப்பேற்கவும் உரிமை பெற்றவர். ஆனால் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தாலோ, பிணை நின்றிருந்தாலோ அவரும் பொறுப்பாளியே.

ஒப்பந்தம் எழுத உட்காரும்போது எல்லாக் கடனையும் மேசையில் வைக்க வேண்டியுள்ளது. எது குடும்பத்திற்காக வாங்கியது, எது ஒருவருடைய சொந்தக் கடன், இனிமேல் எவ்வளவுக்கு மேல் மற்றவரின் சம்மதம் இல்லாமல் கடன் வாங்கவோ பிணை நிற்கவோ கூடாது என்பதையெல்லாம் எழுதலாம். ஆலோங் கதவைத் தட்டும் நாளில்தான் வீட்டில் இருப்பவருக்குக் கடன் தெரியவருகிறது என்ற நிலையைவிட இது மேல்.

மூன்றாம் நன்மை: மறுமணக் குடும்பங்களில் பிள்ளைகளின் நிலை உறுதியாகிறது

மனைவியை இழந்த ஒருவரும், கணவரைப் பிரிந்த ஒருவரும் மறுமணம் செய்கிறார்கள். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் மனைவியின் சேமிப்பில் வாங்கிய வீடு யாருக்குச் சேரும்? அந்தப் பிள்ளைகளின் கவலை நியாயமானது. புதிதாக வந்தவரின் பாதுகாப்பும் முக்கியமானது. முதல் வீடு அந்தப் பிள்ளைகளுக்கென்றும், மறுமணத்திற்குப் பின் சேர்ப்பது இருவருக்கும் பொது என்றும் எழுதிக்கொண்டால் வீட்டில் முணுமுணுப்பு குறையும். ஆனால் இது உயிலின் இடத்தைப் பிடிக்காது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

நான்காம் நன்மை: பூர்வீகச் சொத்தும் தோட்டத்து இழப்பீடும்

தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறும்போது கிடைத்த இழப்பீட்டில் வாங்கிய மலிவுவிலை வீடு, அப்பா விட்டுப்போன கம்பத்து நிலம், தாத்தா காலத்துக் கடை. இவை மணவாழ்க்கைக்கு முன்பே ஒருவருக்கு வந்த சொத்துகளாக இருக்கலாம். 'இது எங்கள் அப்பன் சொத்து, மற்றவருக்கு இதில் என்ன' என்று சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

76ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. திருமணத்திற்கு முன்பே ஒருவருக்குச் சொந்தமாக இருந்த சொத்தை, மணவாழ்க்கையின்போது மற்றவரோ இருவரும் சேர்ந்தோ குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுத்தியிருந்தால், அதுவும் பங்கீட்டுக்கு உரிய சொத்தில் சேரும். கூரை மாற்றி, பின்பக்கம் நீட்டி, தளம் போட்டுக் கட்டிய வீட்டில் தகராறு வருவது இதனால்தான். சீரமைப்புக்கு யார் எவ்வளவு போட்டார், அது திருப்பித் தரவேண்டிய பணமா, வீட்டில் பங்காகிறதா என்பதை அப்போதே எழுதி வைத்தால் பின்னால் கட்டட ரசீதுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து நடத்தும் கடைக்கும் வாகனத் தொழிலுக்கும் இதே வழிதான்.

ஐந்தாம் நன்மை: பிரிவு வந்தாலும் சண்டை குறைகிறது

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்த தம்பதியர், இருவரும் மனமொத்தால் கூட்டு மனு வழியாக விவாகரத்துப் பெற 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. மனைவிக்கும், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் தகுந்த ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதை நீதிமன்றம் பார்க்கும். ஏற்கெனவே நியாயமாக எழுதிய ஒப்பந்தம் இருந்தால், அந்த ஏற்பாட்டைப் பேசி முடிப்பது எளிது. எழுதியது எதுவும் இல்லை என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் வாதாட வேண்டும். வழக்கு நீள நீள, பங்கு போட வேண்டிய பணமே வழக்குச் செலவில் கரையும். பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள்.

எதுவரை செல்லும்?

நன்மைகளைச் சொல்பவர்கள் பலர் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. ஆனால் ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான்.

பிள்ளைகளைப் பேரம் பேச முடியாது. பிள்ளை யாரிடம் வளரும், பராமரிப்புப் பணம் எவ்வளவு என்று பெற்றோர் எழுதிக்கொண்டாலும், பிள்ளையின் நலன் கருதி அதை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. 'பிள்ளைக்குப் பணம் கேட்க மாட்டேன்' என்ற கையெழுத்து பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

ஜீவனாம்சத்தை எளிதில் கைகழுவ முடியாது. ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, இனி ஜீவனாம்சமே கேட்கக்கூடாது என்று எழுதினால், நீதிமன்றம் ஒப்புதல் தரும்வரை அது செல்லாது என்கிறது 80ஆம் பிரிவு.

வீட்டு கிராண்ட் தானாக மாறாது. ஒப்பந்தத்தில் 'வீடு இருவருக்கும் சரிபாதி' என்று எழுதினாலும் நில அலுவலகப் பதிவில் ஒருவர் பெயர்தான் இருக்கும். பெயரைச் சேர்க்க உரிமை மாற்றப் பாரம் பூர்த்தி செய்து பதிய வேண்டும். கடன் மீதமிருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். குடிமக்களான கணவன் மனைவிக்கிடையே அன்பளிப்பாக மாற்றினால் முத்திரை வரி விலக்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மாமனார், மாமியார் வீட்டைப் பங்கு போட முடியாது. மருமகள் கடன் வாங்கிச் சீரமைத்த வீடு மாமனார் பெயரில் இருந்தால், அது கணவரின் சொத்தே அல்ல. மாமனார் கையெழுத்திடாத ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அத்தகைய வீட்டில் பணம் போடும் முன்பு மாமனாரையும் சேர்த்து எழுதிக்கொள்வதே வழி. நம் குடும்பங்களில் அதிகம் பேர் சறுக்கி விழும் இடம் இது.

கடன்காரரிடமிருந்து ஒளிக்க முடியாது. திவாலாகும் ஆபத்தில் இருப்பவர் சொத்தை மனைவி பெயருக்கோ கணவர் பெயருக்கோ மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தால், 1967ஆம் ஆண்டு திவால் சட்டம் குறுக்கே நிற்கும். அன்பளிப்பாகச் சொத்தை மாற்றியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் திவாலானால் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். ஐந்து ஆண்டுகள் வரைகூட, மாற்றிய நேரத்தில் கடனைக் கட்டும் வசதி இருந்ததை நிரூபிக்க வேண்டிவரும்.

உயிலும் நாமினியும் தனி. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டு பகிர்ந்தளிப்புச் சட்டம் பங்கைத் தீர்மானிக்கும். பெற்றோர் இல்லாமல், துணைவரும் பிள்ளைகளும் இருந்தால் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் துணைவருக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. ஊழியர் சேமநிதிப் பணம் அங்கே பதிவு செய்த நாமினிக்குப் போகும். ஒப்பந்தம் எழுதும் தம்பதியர் அதே வாரத்தில் உயிலையும் நாமினியையும் சரிபார்த்துவிடுவது நல்லது.

நீதிமன்றம் எப்போது மதிக்கும்?

அண்டை நாடான சிங்கப்பூரில், மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, விவாகரத்தை எண்ணித் தம்பதியர் செய்துகொண்ட உடன்பாட்டையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. 2014இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவரும் தனித்தனி சட்ட ஆலோசனை பெற்று, நியாயமாகச் செய்துகொண்ட உடன்பாட்டுக்குக் கணிசமான மதிப்பளிக்க வேண்டும் என்று விளக்கியது. 2008இல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலும், ஏற்கெனவே மணமுடித்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொண்ட தம்பதியர் எழுதும் ஒப்பந்தத்தை, மணத்திற்கு முன்பு எழுதுவதிலிருந்து வேறாகப் பார்க்க வேண்டும் என்றது. இவை மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதுபவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன.

மலேசியாவில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இதில் வருகிறது. மிரட்டல், முறையற்ற நெருக்குதல், மோசடி, பொய்யான தகவல் ஆகியவற்றால் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதமல்ல. 'கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வீட்டை விட்டுப் போ' என்று வாங்கிய தாள் நிலைக்காது. அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பெற்ற கையெழுத்தும் அப்படியே. வீட்டில் வன்முறை இருந்தால் முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. ஒப்பந்தத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆகவே, ஒப்பந்தம் நிலைக்க வேண்டுமானால் இவை தேவை:

1. இருவரும் சொத்து, சம்பளம், சேமிப்பு, கடன் அனைத்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

2. ஆளுக்கொரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். கணவரின் வழக்கறிஞரே மனைவிக்கும் விளக்கினார் என்பது பின்னால் பலவீனமாகும்.

3. படித்து, யோசித்து, மாற்றம் கேட்க அவகாசம் வேண்டும். இரவில் நீட்டி, காலையில் கையெழுத்து வாங்கக் கூடாது.

4. ஆவணம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்து, ஒருவருக்கு அது சரியாகப் புரியாவிட்டால், தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் அதில் பதிய வேண்டும்.

5. ஒரு பக்கத்தை ஓட்டாண்டியாக்கும் ஒப்பந்தமாக இருக்கக் கூடாது.

6. முத்திரை வரி செலுத்த வேண்டும். முறையாக முத்திரையிடாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

7. பிள்ளை பிறப்பு, வேலை இழப்பு, நோய், புதிய வீடு என வாழ்க்கை மாறும்போது ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

மேலே சொன்ன 1976ஆம் ஆண்டு சட்டம் இஸ்லாமியருக்குப் பொருந்தாது. தமிழ் முஸ்லிம் தம்பதியரின் மணவாழ்க்கைச் சொத்து, ஷரியா நீதிமன்றத்தில் 'ஹார்த்தா செபெஞ்சாரியான்' என்ற அடிப்படையில் பிரிக்கப்படுகிறது. அவர்கள் ஷரியா வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதிவு செய்யாத திருமணம். கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, ஊரறிய வாழ்ந்தாலும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1க்கு முன்பு வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்று இல்லாவிட்டால், சொத்துப் பங்கு பேசுவதற்கு முன்பே தாங்கள் கணவன் மனைவி என்பதை நிரூபிக்க அலைய நேரிடும். அத்தகைய தம்பதியர் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு தேசியப் பதிவு இலாகாவை அணுகுவதே முதல் வேலை.

எங்கே தொடங்குவது?

வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே வீட்டில் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருவரும் சேர்ந்து நான்கு பட்டியல் எழுதலாம். திருமணத்திற்கு முன்பே இருந்த சொத்து, பின்பு சேர்ந்த சொத்து, கடன்கள், ரசீது இல்லாத பங்களிப்புகள். திருமணச் சான்றிதழ், வீட்டு விற்பனை ஒப்பந்தம், வங்கிக் கடன் அறிக்கை, சேமநிதி அறிக்கை, அடகு ரசீது, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் சேர்க்கலாம். இந்த நோட்டே ஒப்பந்தமாகிவிடாது. ஆனால் வழக்கறிஞரின் நேரமும் அதனால் செலவும் குறையும்.

குடும்பச் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரைத் தேடுவது நல்லது. வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் தங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதுதான் பலருக்குத் தயக்கம். 'நாளைக்கு நாம் பிரிந்தால்' என்று ஆரம்பித்தால் மனம் நோகும். 'வீட்டுக் கடன், உயில், சேமநிதி நாமினி எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்போம்' என்று ஆரம்பித்தால் ஒப்பந்தமும் அந்த வரிசையில் ஒன்றாக வந்துவிடும். புதிய வீடு வாங்கும்போது, ஒருவர் வேலையை விடும்போது, கடை திறக்கும்போது, பெற்றோர் வீட்டில் பணம் போடும்போது இந்தப் பேச்சு இயல்பாகவே பொருந்தும்.

எல்லாத் தம்பதியருக்கும் இது தேவை என்பதில்லை. இருவருக்கும் சம்பளம், வீடு இருவர் பெயரிலும், கடன் குறைவு, மறுமணமோ வியாபாரமோ இல்லை என்றால் நல்ல உயிலும் சரியான நாமினிப் பதிவும் போதுமானதாக இருக்கலாம். வீடு ஒருவர் பெயரிலும் உழைப்பு இருவருடையதாகவும் இருக்கும் குடும்பங்கள்தாம் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நகையைக் கொடுத்தவருக்கு அதைச் சொல்ல ஒரு தாள் இருக்கட்டும்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. தனிப்பட்ட நிலைமைக்கு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறவும்.)